நண்டு ஒன்று, எலிவால் இரண்டு

காலை ஏழரை. ஜெலுத்தோங் கட்டுமானத் தளம்.
சாமான் அறையின் கம்பிவலைக்குப் பின்னால்
நான், ஒரு பதிவேடு, கயிற்றில் கட்டிய பேனா.
கட்டாவிட்டால் பதினொரு மணிக்குள்
அதையும் யாராவது கடன் வாங்கிப் போய்விடுவார்கள்.

முதல் ஆள் தச்சர் சுல்கர்னாயின்.
"கெத்தாம் சத்து, காக்."
கெத்தாம் என்றால் அவர் மொழியில் நண்டு;
மரம் சீவும் இழைப்புளியும் அதுவேதான்.
பக்கவாட்டில் ஓடாத ஒரே நண்டு.
எழுதிக்கொள்கிறேன்: நண்டு ஒன்று.

அடுத்தவருக்கு ஆட்டுக்குளம்பு,
ஆணி பிடுங்கும் சுத்தியல்.
அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு
எலிவால் இரண்டு, தடித்ததும் மெலிந்ததுமாய்.
ஒயர்மேன் கேட்பது முதலை வாய், அரை டஜன்.
எட்டடிக்குமுன் என் பதிவேடு
தைப்பிங் மிருகக்காட்சி சாலை.
அங்கே கூண்டு திறக்காது,
இங்கே ஆறு மணிக்குள்
எல்லாம் தாமாகத் திரும்பி வர வேண்டும்.

ஸ்பேனரில் உயிருள்ளது உண்டு, செத்தது உண்டு.
திருகத் திருக வாயை அகட்டிக்கொள்வது
ஸ்பானார் ஹிடுப், உயிருள்ளது.
பிறந்த அளவிலேயே கிடப்பது செத்தது.
தலைமை அலுவலகத்திலிருந்து கணக்குப் பார்க்க வந்த மிஸ் கோ
"உயிரோடு நான்கு, செத்தது பதினேழு" என்ற வரியில்
விரலை ஊன்றி, கண்ணாடியைக் கழற்றி,
விபத்து அறிக்கை எங்கே என்றார்.

தமிழ் மட்டும் சும்மா இருக்கிறதா?
ரசமட்டம் என்று முதலில் காதில் விழுந்தபோது
சட்டியில் ரசம் எவ்வளவு மிச்சம் என்று
எட்டிப் பார்க்கும் கருவி என்றே நினைத்தேன்.
நான்கு தம்பிகள் உள்ள வீட்டில்
அப்படியொன்று இருந்தால் தேவலைதான்.
பார்த்தால், மஞ்சள் கட்டை, கண்ணாடிக் குழாய்,
இரண்டு கோடுகளுக்கு நடுவே
உட்கார இடம் தேடும் ஒரு குமிழி.

மட்டம் பார்ப்பதில் புஷ்பநாதனை அடிக்க ஆளில்லை.
திங்கட்கிழமையானால் அவரே மட்டம் போட்டுவிடுவார்.
அன்றைக்கு எழும் சுவர்
செவ்வாய்க்கிழமை இடிபடும்.

போன வியாழன்தான் உச்சம்.
தூக்குக்குண்டு வாங்கிக்கொண்டு
கொம்தாரில் பஸ் ஏறுகிறேன், நிற்க மட்டும் இடம்.
புஷ்பநாதன் கூப்பிடுகிறார். லைன் இரைகிறது.
நான் கத்துகிறேன்:
"குண்டு எங்கிட்டதான் இருக்கு!
நாலு மாடிக்கும் ஒரே குண்டு போதும்!
நான் வந்தவுடனே இறக்கிடலாம்!"

மலாய்க்காரப் பையன்கள் தூங்கினார்கள்.
சீனப் பெண்ணொருத்தி மீன்பந்து தின்றாள்.
திருநீறு பூசிய ஒருவர் மட்டும் எழுந்து
மணியை நான்கு முறை அழுத்தி
ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் இறங்கினார்.
பஸ் நகரும்வரை என் பையையே பார்த்து நின்றார்.

திறந்து காட்டியிருக்கலாம்.
பித்தளை, அரைக் கிலோ, பம்பரம் போல,
தலையில் ஒரு நூல்.
நேராகத் தொங்குவதைத் தவிர
அதற்கு வேறு கொள்கையே கிடையாது.

மாலை ஆறு. நண்டு வந்தது,
வாயில் இன்னும் மரச்சுருளோடு.
எலிவால் ஒன்றைக் காணோம்.

கடைசியாக ரொபிக்குல், டாக்காவுக்கு அப்பால் ஏதோ ஊர்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
பெயர் தெரியாமல் கம்பிவலைக்கு வெளியே நின்று
மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி
"ட்ர்ர்ர், ட்ர்ர்ர்" என்று ஒலி எழுப்பியவர்.
ஐந்து கருவிகளை எடுத்து நீட்டினேன்,
ஐந்தாவதற்குச் சிரித்தார்.
அதற்கு மூன்று மொழியிலும் முறையான பெயர் இருக்கிறது.
இரண்டு எனக்கே தெரியும்.

இப்போது துடைத்து, எண்ணெய் பூசி நீட்டுகிறார்.
நான் எழுதுகிறேன்:
ட்ர்ர்ர் ஒன்று. வரவு.
கீழே அவர் கையெழுத்து.